ஐரோப்பால எலக்ட்ரிக் பைக் வாங்கப் போறீங்களா? பிளக் பாயின்ட்ல இருந்து ஆரம்பிங்க

எலக்ட்ரிக் பைக்னு பேச்செடுத்தாலே எந்த மாடல், எவ்ளோ ரேஞ்ச்னு தான் எல்லாரும் கேக்குறாங்க. ஐரோப்பால இருக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணு தான், மாடல கடைசியா பாருங்க. ராத்திரி வண்டி நிக்கப் போற இடத்துல கரண்ட் இருக்கா, உங்க லைசென்ஸ் எதுக்கு செல்லும், ரிப்பேர்னா பக்கத்துல பாக்க ஆள் இருக்கா, இந்த மூணுக்கும் பதில் கெடச்சதும் லிஸ்ட்ல பாதி வண்டி தானா போயிடும், மிச்சத்துல எது புடிச்சிருக்கோ அத எடுத்துக்கலாம். (பெடல் போடுற 25 கிமீ சைக்கிள பத்தி இல்ல, நம்பர் பிளேட் போட்ட வண்டி பத்தி தான் எழுதுறேன்.)

முதல்ல கரண்ட் விஷயம். சொந்த கராஜ், அதுல ஒரு சாதாரண 230 வோல்ட் பாயின்ட் இருந்தா உங்களுக்கு பெரிய தலைவலி இல்ல, கார் வச்சிருக்கறவங்க செவுத்துல மாட்டுற வால்பாக்ஸ்ங்கற சார்ஜிங் பெட்டி இதுக்கு கட்டாயமே கிடையாது. பிஎம்டபிள்யூ சிஇ 04 ஸ்கூட்டர எடுத்துக்கோங்க, பேட்டரி 8.9 கிலோவாட் அவர், சாதாரண பாயின்ட்ல 2.3 கிலோவாட் வேகத்துல காலியா இருக்குற பேட்டரி ஃபுல் ஆக கம்பெனி கணக்குப்படி 4 மணி 20 நிமிஷம். ராத்திரி போட்டா காலைல ரெடி. ஆனா பழைய பில்டிங்ல இருக்குற பாயின்ட்ல தினமும் மணிக்கணக்கா அவ்ளோ கரண்ட் இழுக்குறதுக்கு முன்னாடி ஒரு எலக்ட்ரீஷியன கூப்ட்டு வயரிங் பாத்துடுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மட்டும் தயவுசெஞ்சு போடாதீங்க, சூடாகி உருகிடும்.

வாடகை வீடா இருந்தாலும் மனச விட வேணாம். ஜெர்மனில 2020 டிசம்பர்ல இருந்து சார்ஜிங் பாயின்ட் வைக்க அனுமதி கேக்குற உரிமை வாடகைக்கு இருக்கறவங்களுக்கு சட்டத்துலயே இருக்கு, பிரான்ஸ்ல "த்ருவா ஆ லா ப்ரீஸ்"னு அதே மாதிரி ஒண்ணு இருக்கு. செலவு உங்களோடது தான், ஆனா ஓனர் காரணமே இல்லாம முடியாதுன்னு சொல்லிட முடியாது. எழுத்துல கேளுங்க, போன்ல பேசிட்டு விட்டுடாதீங்க.

தெருவுல தான் நிறுத்தணும், பாயின்ட்டுக்கு வழியே இல்லன்னா கழட்டி எடுக்குற பேட்டரி வண்டிய பாருங்க. கவாசாகி நின்ஜா இ-1, இசட் இ-1 ரெண்டுலயும் ரெண்டு பேட்டரி, ஒவ்வொண்ணும் பதினொண்ணு பன்னெண்டு கிலோ இருக்கும், கைல தூக்கிட்டு மேல போயிடலாம். பார்சிலோனா கம்பெனி சைலன்ஸ் விக்கிற எஸ்01 ஸ்கூட்டர்ல பேட்டரி பெருசு, 40 கிலோ பக்கம், ஆனா சக்கரமும் கைப்பிடியும் இருக்கு, டிராலி பேக் மாதிரி இழுத்துட்டு போகலாம். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடினா அதையும் யோசிச்சுக்கோங்க. வீட்டுக்குள்ள சார்ஜ் போடுறவங்க கம்பெனி சார்ஜர் மட்டும் யூஸ் பண்ணுங்க, தீ பிடிச்சா வெளிய ஓடுற வழிய மறைக்கிற மாதிரி வாசப்படிலயோ காரிடர்லயோ வச்சு போடாதீங்க.

இப்ப பப்ளிக் சார்ஜிங், இங்க தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. தெருவுல நிக்கிற போஸ்ட்ல 22 கிலோவாட்னு எழுதியிருக்கும், பாத்ததும் அரை மணில முடிஞ்சுடும்னு தோணும். அந்த 22 மூணு ஃபேஸும் சேத்து. பல பைக்ல உள்ள சார்ஜர் ஒரே ஒரு ஃபேஸ் தான் எடுக்கும், அதுவும் 3 கிலோவாட்னா 3 தான், போஸ்ட் எவ்ளோ பெருசா இருந்தாலும் வண்டிக்குள்ள இருக்குற சார்ஜர் தான் வேகத்த முடிவு பண்ணுது. வீட்ல 11 கிலோவாட் வால்பாக்ஸ் இருக்குன்னாலும் இதே கதை, ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியர், அதாவது 3.7 கிலோவாட் தான் பைக்குக்கு வரும். அதனால ஷோரூம்ல கேக்க வேண்டிய முதல் கேள்வி "எத்தன ஃபேஸ், எத்தன கிலோவாட்"ங்கறது தான். சிஇ 04-ல 6.9 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜர் எக்ஸ்ட்ரா காசு குடுத்து வாங்குற ஆப்ஷன், அது இருந்தா அந்த 4 மணி 20 நிமிஷம் 1 மணி 40 நிமிஷமா குறையுது. வெளில அடிக்கடி சார்ஜ் போடுவீங்கன்னா அந்த ஆப்ஷன விட்டுடாதீங்க, ஹீட்டட் கிரிப்ப அப்புறம் கூட போட்டுக்கலாம்.

ஹைவேல இருக்குற டிசி ஃபாஸ்ட் சார்ஜர் எல்லா பைக்குக்கும் வேலை செய்யாது. அதுக்கு வண்டில சிசிஎஸ்ங்கற டிசி சார்ஜிங் சாக்கெட் இருக்கணும், லைவ்வயர் ஒன்ல இருக்கு, எனர்ஜிகால இருக்கு, ஹோண்டா புதுசா கொண்டு வந்த டபிள்யூஎன்7-ல இருக்கு. சிஇ 04 மாதிரி டைப் 2 (ஐரோப்பால சாதாரண ஏசி சார்ஜிங்குக்கு இருக்குற சாக்கெட்) மட்டும் இருக்குற வண்டிய அங்க கொண்டு போனா பிளக்கே மாட்டாது. இன்னொரு விஷயம், தெரு போஸ்ட் நிறையதுல கேபிள் இருக்காது, நீங்க தான் டைப் 2 கேபிள் கொண்டு போகணும், அத எங்க வைக்கப் போறீங்கன்னு வாங்கும்போதே பாருங்க, சீட்டுக்கு அடில இடம் இல்லன்னா டாப் பாக்ஸ் போட்டே ஆகணும். பேமென்ட் முன்ன விட பரவால்ல, 2024 ஏப்ரல் 13-ல இருந்து ஐரோப்பிய யூனியன்ல புதுசா வைக்கிற 50 கிலோவாட்டுக்கு மேல உள்ள சார்ஜர்ல பேங்க் கார்டு எடுத்தே ஆகணும்னு ரூல். சின்ன ஏசி போஸ்ட்டுக்கு பெரும்பாலும் ஆப் தான், ரெண்டு ஆப் போன்ல வச்சுக்கோங்க, சார்ஜ் முடிஞ்சும் வண்டிய எடுக்காம விட்டா நிமிஷ கணக்குல எக்ஸ்ட்ரா காசு போடுற கம்பெனியும் இருக்கு.

அடுத்தது லைசென்ஸ். ஐரோப்பால டூவீலர் லைசென்ஸ் ஏஎம், ஏ1, ஏ2, ஏன்னு நாலு வகை. ஏஎம் வச்சிருந்தா 45 கிமீ வேக வண்டி மட்டும். ஏ1-னா 11 கிலோவாட் வரைக்கும், ஏ2-னா 35 வரைக்கும், ஏ இருந்தா லிமிட் இல்ல. இதுல எலக்ட்ரிக் ஓட்டுறவங்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கு, வண்டி பேப்பர்ல போடுற பவர் 30 நிமிஷம் தொடர்ந்து குடுக்கக்கூடிய பவர், கைய முறுக்கின உடனே சில நொடி வர்ற உச்ச பவர் இல்ல. அதனால தான் சிஇ 04-ல ஏ1-க்குன்னு விக்கிற வண்டில பேப்பர்ல 11 கிலோவாட், ஆனா உச்சம் 23. ஏ1 லைசென்ஸ்ல ஓட்டுற பெட்ரோல் 125 வண்டிகிட்ட இந்த இழுவைய எதிர்பாக்கவே முடியாது. சந்தோஷம் தான், ஆனா புதுசா ஓட்டுறவங்க முதல் கொஞ்ச நாள் ஈகோ மோட்லயே ஓட்டுங்க, மழைல ஈரமான டிராம் தண்டவாளம் மேல, ஜீப்ரா கோடு மேல திடீர்னு முறுக்கினா பின் சக்கரம் வழுக்கிட்டு போயிடும்.

கார் லைசென்ஸ் மட்டும் இருக்கறவங்களுக்கும் ஏ1 அளவு வண்டி ஓட்ட சில நாட்டுல வழி இருக்கு. ஜெர்மனில கார் லைசென்ஸோட சேத்துக்குற பி196ங்கற அனுமதி, அதுக்கு வயசு 25 ஆகியிருக்கணும், கார் லைசென்ஸ் 5 வருஷமா கைல இருக்கணும், 90 நிமிஷ கிளாஸ் ஒன்பது, பரீட்சை கிடையாது. பிரான்ஸ்ல 2 வருஷ கார் லைசென்ஸும் 7 மணி நேர டிரெயினிங்கும். ஸ்பெயின்ல 3 வருஷம் ஆச்சுன்னா போதும், இத்தாலில கார் லைசென்ஸே ஏ1 அளவு வண்டிக்கு செல்லும். இந்த சலுகை எல்லாம் அந்தந்த நாட்டுக்குள்ள மட்டும் தான். பி196 வச்சுட்டு ஆஸ்திரியா பார்டர தாண்டினா லைசென்ஸ் இல்லாம ஓட்டுன கணக்கு, ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸும் பிரச்சன பண்ணும். இந்திய லைசென்ஸோட ஜெர்மனிக்கு குடி வந்தவங்களுக்கு அது 6 மாசம் தான் செல்லும், அப்புறம் தியரி, பிராக்டிகல் ரெண்டு டெஸ்ட்டும் எழுதித்தான் ஆகணும், அந்த டெஸ்ட் போறப்பவே பைக்குக்கும் சேத்து போட்டுடுங்க, தனித்தனியா போனா காசும் நேரமும் கூட ஆகும்.

மூணாவது, யார் ரிப்பேர் பாப்பாங்க. இத நான் அழுத்தி சொல்றேன், ஏன்னா இந்த துறைல கம்பெனிங்க திடீர்னு காணாம போகுது. ஸ்வீடன் கம்பெனி கேக் 2024 பிப்ரவரில திவாலாச்சு, இத்தாலில மோடெனால இருந்த எனர்ஜிகா, மோட்டோஇங்கற எலக்ட்ரிக் பைக் ரேஸுக்கே வண்டி குடுத்தவங்க, அதே வருஷம் அக்டோபர்ல திவாலாச்சு. பின்னாடி வேற யாராவது கம்பெனிய வாங்கினாலும் நடுவுல பார்ட்ஸுக்கும் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கும் அலையறது வண்டி வச்சிருக்கறவங்க தான். இதனால புது கம்பெனியே வேணாம்னு சொல்ல வரல, ஆனா கம்பெனி குடுக்குற வாரன்டி வேற, சட்டப்படி விக்கிறவர் குடுக்க வேண்டிய கேரன்டி வேற, இந்த வித்தியாசம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. ஐரோப்பிய யூனியன்ல கடைல புதுசா வாங்குனா குறைஞ்சது 2 வருஷம், ஸ்பெயின்ல 3 வருஷம், விக்கிற டீலர் தான் பொறுப்பு. தயாரிச்ச கம்பெனி மூடினாலும் டீலர் கடை இருக்குற வரைக்கும் அவர்கிட்ட போய் நிக்கலாம். அதனால நேரா கம்பெனி வெப்சைட்ல வாங்குறத விட ரொம்ப வருஷமா கடை வச்சிருக்குற பக்கத்து ஊர் டீலர்கிட்ட வாங்குறது எனக்கு நல்லதா படுது, நூறு இருநூறு யூரோ கூட ஆனாலும். ஆன்லைன்ல வாங்குனா 14 நாளுக்குள்ள திருப்பி குடுக்குற உரிமை இருக்கு, அது ஒரு பிளஸ்.

டெஸ்ட் ரைடு போகும்போது ஊருக்குள்ள மட்டும் சுத்தாதீங்க. பிரோஷர்ல போடுற ரேஞ்ச் டபிள்யூஎம்டிசிங்கற லேப் டெஸ்ட்ல வந்த நம்பர், உங்க ஹைவேல வர்ற நம்பர் இல்ல. 90-ல போறதுக்கும் 120-ல போறதுக்கும் காத்து தடை கிட்டத்தட்ட 1.8 மடங்கு, பைக்குக்கு கார் மாதிரி வழுவழுன்னு பாடி இல்ல, நீங்க நிமிந்து உக்காந்திருக்கீங்க, பேட்டரி சர்ருனு இறங்கும். சிஇ 04-க்கு கம்பெனி சொல்றது 130 கிமீ, ஆட்டோபான்ல (ஜெர்மன் ஹைவே) முழு வேகத்துல போனா அதுல பாதி தான்னு வச்சு பிளான் பண்ணுங்க, குளிர் காலம்னா இன்னும் குறைச்சுக்கோங்க. ஊருக்குள்ள தான் எலக்ட்ரிக் ஜெயிக்குது, நின்னு நின்னு போற டிராஃபிக்ல பிரேக் பிடிக்கறப்பலாம் கொஞ்சம் திரும்ப ஏறும். தினமும் போய் வர்ற தூரம் எவ்ளோ, அத ரெண்டால பெருக்குங்க, பிரோஷர் நம்பர் அதுக்கு மேல இருந்தா தைரியமா வாங்கலாம்.

பக்கத்து நாட்டுல விலை கம்மின்னு போறவங்க கவனிங்க. 6 மாசத்துக்குள்ள இருக்குற வண்டி, இல்லன்னா 6,000 கிமீ கூட ஓடாத வண்டி, இந்த ரெண்டுல ஒண்ணு பொருந்தினாலும் பவர் 7.2 கிலோவாட்டுக்கு மேல இருந்தா வரி கணக்குல அது "புது வண்டி", வாட் வரிய நீங்க பதிவு பண்ற நாட்டுல கட்டணும், பழசுன்னு சொல்லி வித்தாலும் சரி. சிஓசி பேப்பர் (வண்டி ஐரோப்பிய ரூலுக்கு பொருந்துதுன்னு தயாரிச்ச கம்பெனி குடுக்குற சான்று) கைல வாங்காம காசு குடுக்காதீங்க, அது இல்லாம ரெஜிஸ்டர் பண்றது பெரிய அலைச்சல். செகண்ட் ஹேண்ட்னா பேட்டரி ஹெல்த் எத்தன சதவீதம்னு டீலர் மெஷின்ல எடுத்த ரிப்போர்ட் கேளுங்க, சார்ஜிங் கேபிள், ரெண்டாவது சாவி, பேட்டரி வாரன்டி எப்ப முடியுதுன்னு பாருங்க. தனி ஆள்கிட்ட வாங்குனா அந்த 2 வருஷ கேரன்டி கிடையாது, ஞாபகம் வச்சுக்கோங்க.

மானியம் நாட்டுக்கு நாடு, வருஷத்துக்கு வருஷம் மாறுது, இத்தாலியோட ஈகோபோனஸ் மாதிரி திட்டத்துல விலைல 30 சதவீதம், பழைய வண்டிய ஸ்கிராப்புக்கு குடுத்தா 40 வரைக்கும் கெடச்சிருக்கு, ஆனா ஒதுக்கின பணம் சீக்கிரம் காலியாகிடும், ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி டீலர்கிட்ட இன்னிக்கு நிலவரம் என்னன்னு கேட்டுக்கோங்க. மானியத்த விட தினசரி லாபம் எனக்கு முக்கியமா தெரியுது. பாரிஸ்ல 2022 செப்டம்பர்ல இருந்து பெட்ரோல் பைக்குக்கு பார்க்கிங் காசு, எலக்ட்ரிக்குக்கு பதிவு பண்ணிக்கிட்டா ஃப்ரீ. ஆஸ்திரியால டிரோல் மாநிலத்துல ராய்ட்ட மாவட்டத்து மலை ரோடு சிலதுல 2020-ல இருந்து கோடைல 95 டெசிபலுக்கு மேல சத்தம் போடுற பைக்குக்கு தடை, நீங்க அமைதியா பறவ சத்தம் கேட்டுக்கிட்டே போகலாம், அந்த சுகம் ஓட்டிப் பாத்தா தான் தெரியும்.

இன்சூரன்ஸ்ல எதிராளிக்கு குடுக்குற கவர் எல்லா நாட்டுலயும் கட்டாயம், அதோட திருட்டு கவர் எடுங்க. பாலிசில பேட்டரி தனியா திருடு போனா, சார்ஜ் போடும்போது மின்னல்ல போனா கவர் ஆகுமான்னு வரி வரியா பாருங்க, ஏன்னா வண்டி விலைல பெரிய பங்கு பேட்டரி தான்.

மெயின்டனன்ஸ் சுலபம். இன்ஜின் ஆயில் இல்ல, ஸ்பார்க் பிளக் இல்ல, பெரும்பாலான வண்டில கிளட்சும் இல்ல. டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், செயின் இல்லன்னா பெல்ட், அவ்ளோ தான், அதுல பின் டயர் மட்டும் மோட்டார் இழுவையால சீக்கிரம் தேயும். குளிர் காலத்துல ஓட்டாம வைக்கிறதா இருந்தா ஃபுல் சார்ஜ்லயும் விடாதீங்க, காலியாவும் விடாதீங்க, பாதி அளவுல, உறையாத இடத்துல வச்சு மாசம் ஒரு தடவ எட்டிப் பாருங்க. நடுங்குற குளிர்ல ஓட்டிட்டு வந்தா வந்த சூட்டோட சார்ஜ் போடுங்க, ஜில்லுனு ஆறின பேட்டரி சார்ஜ் எடுக்க அடம் பிடிக்கும். சின்ன 12 வோல்ட் பேட்டரி ஒண்ணும் பல வண்டில தனியா இருக்கு, பெரிய பேட்டரி நல்லா இருந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா முதல்ல அத பாருங்க.

பேட்டரி ரிப்போர்ட், சர்வீஸ் பில் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. 2027 பிப்ரவரி 18-ல இருந்து ஐரோப்பிய யூனியன்ல விக்கிற புது எலக்ட்ரிக் வண்டி பேட்டரிக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வருது, க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணா பேட்டரி விவரம் தெரியும். அதுக்கு முன்னாடி வாங்குன வண்டிக்கு அந்த பாஸ்போர்ட் இருக்காது, விக்கிற நாள்ல உங்க ஃபைல் தான் வாங்க வர்றவங்களுக்கு ஆதாரம்.