டிரெய்லர் கேஸில் கேம்ப் அடுப்பை மாட்டப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூரிலிருந்து ஜண்டா பாயிக், கோல குபு பாரு பக்கமெல்லாம் முகாம் டிரெய்லரை (தங்கிச் சமைக்க வசதியுள்ள இழுவை வண்டியை) இழுத்துக்கொண்டு போகிற நம் குடும்பங்கள் இப்போது பெருகிவிட்டன. நல்ல விஷயம். ஆனால் எந்த முகாமுக்குப் போனாலும் யாராவது ஒருவர் வந்து, "அண்ணே, அடுப்பு சரியாவே எரிய மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்கிறார். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அதே கோளாறுதான்: ஏற்கெனவே அழுத்தம் குறைத்த கேஸில் அடுப்பை மாட்டியிருப்பார்கள். கேஸ் தோம்பை (சிலிண்டரை) படுக்க வைக்காதீர்கள், காற்றுக்கு மறைப்பு வையுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அடிக்கடி பார்க்கிற தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ரெகுலேட்டருக்கு மேல் ரெகுலேட்டர்

டிரெய்லரின் முன்பக்கம் கேஸ் தோம்பு, அதையொட்டி ஒரு ரெகுலேட்டர். வெளிநாட்டிலிருந்து வரும் டிரெய்லர்களில் இது பொதுவாகத் தோம்பின் அழுத்தத்தைச் சுமார் 2.75 கிலோபாஸ்கலுக்குக் குறைத்துத்தான் உள்ளே அனுப்பும். வளைந்த குழாயில் தண்ணீர் ஊற்றி அளந்தால் 28 சென்டிமீட்டர்தான் காட்டும், அவ்வளவு மெல்லிய அழுத்தம். உள்ளே இருக்கும் அடுப்பு, பிரிட்ஜ், ஹீட்டர் எல்லாமே இதற்கென்றே செய்யப்பட்டவை. வெளிப்பக்கத்தில் இருக்கும் குவிக் கனெக்ட் வாயிலும் (குழாயை அழுத்தினாலே மாட்டிக்கொள்ளும் இணைப்பு) வருவது இதே குறைந்த அழுத்தக் கேஸ்தான்.

கேம்ப் அடுப்பு வேறு ரகம். சின்ன புரோப்பேன் டப்பாவைத் திருகி மாட்டும் அடுப்பில், டப்பாவுக்கும் அடுப்புக்கும் நடுவே வளைந்த இரும்புக் குழாய் ஒன்று இருக்கும் பாருங்கள், அதன் முனையில் உருண்டையாகத் தெரிவது ஒரு ரெகுலேட்டர். நம் ஊர் வெயிலில் அந்த டப்பாவுக்குள் அழுத்தம் பத்து பார் வரைக்கும் ஏறும். அதை வாங்கிக் குறைப்பதுதான் அதன் வேலை. ஏற்கெனவே குறைத்து முடித்த கேஸை அதற்குக் கொடுத்தால் அது இன்னும் நெருக்கிப் பிடிக்கும், தீ விரல் நுனி அளவுக்கு நீலமாக நின்றுவிடும். இதில் நம் ஊருக்கே உரிய இன்னொரு கூத்தும் உண்டு: டிரெய்லரின் குழாய் நம் வீட்டுத் தோம்பின் வால்வில் பொருந்தாது என்பதால், வீட்டு அடுப்புக்கு மாட்டுகிற ரெகுலேட்டரையே தோம்பில் வைத்து அதிலிருந்து டிரெய்லருக்குக் குழாய் இழுத்துவிடுகிறார்கள். அதுவும் குறைந்த அழுத்த ரெகுலேட்டர்தான். ஆக மொத்தம் மூன்று!

இது வரைக்கும் பெரிய சேதம் ஒன்றும் இல்லை, சமையல்தான் ஆகாது. எனக்கு எரிச்சல் வருவது இதற்கு அடுத்துச் செய்கிற வேலையில்தான். ஜண்டா பாயிக்கில் ஒரு தம்பி, அவருடைய அம்மா பெரிய சட்டியில் ஆட்டுக்கறியை ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறார், கறி கொதிக்கிற மாதிரியே தெரியவில்லை. தம்பி முதலில் தோம்பை மாற்றினார். அப்புறம் பர்னரின் ஜெட்டை, அதாவது கேஸ் வெளிவரும் சின்னத் துளையை, ஊசியால் குத்தினார் (அந்த ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் அடுப்பு கெட்டதுதான், தயவுசெய்து குத்தாதீர்கள்). கடைசியில், மாமாவின் சாப்பாட்டுக் கடையில் பெரிய குவாலி (வாணலி) அடுப்புக்கு வைத்திருந்த உயர் அழுத்த ரெகுலேட்டரைக் கொண்டுவந்து, டிரெய்லரின் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டிவிட்டார். தீ அருமையாக வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அதே அழுத்தம் டிரெய்லருக்குள் ஓடும் குழாய் முழுக்கப் போனதை யாரும் நினைக்கவில்லை. இந்த மாதிரி பிரிட்ஜ், ஹீட்டர்களின் கேஸ் வால்வு பெரும்பாலும் 3.5 கிலோபாஸ்கலுக்கு மேல் தாங்காது. பிரிட்ஜின் வால்வு போய்விட்டது. அவர்கள் கவனித்தது கேஸ் வாடை வந்த பிறகுதான். இந்தக் கேஸ் காற்றை விடக் கனமானது, மேலே போகாமல் தரையிலேயே தேங்கும், அந்தத் தரையில்தான் பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்! பணம் போனது இருக்கட்டும், அந்தப் பாயை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரியான வழி இரண்டு. ஒன்று, டிரெய்லரின் ரெகுலேட்டருக்கு முன்னால், தோம்பின் பக்கத்திலேயே, குழாயை இரண்டாகப் பிரிக்கும் ஒரு டி-இணைப்பு போட்டு, உயர் அழுத்தம் தாங்கும் குழாய் வழியாகக் கேம்ப் அடுப்புக்குக் கொண்டுபோவது. அடுப்பின் சொந்த ரெகுலேட்டர் அப்படியே இருக்க வேண்டும். மற்றது, குவிக் கனெக்ட்டில்தான் மாட்டுவேன் என்றால் குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த அடுப்பை வாங்குவது. அடுப்பின் தகட்டில் எந்த அழுத்தத்துக்கானது என்று போட்டிருக்கும், வாங்கும்போதே படித்துவிடுங்கள். கேம்ப் அடுப்பின் ரெகுலேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் குறைந்த அழுத்த வாயில் மாட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தயாரிப்பாளரே அதற்கென்று மாற்று இணைப்பு தந்திருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் வேண்டாம், ஏனென்றால் ஜெட்டின் அளவு அந்த ரெகுலேட்டர் தரும் அழுத்தத்தை வைத்துத்தான் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. ரெகுலேட்டர் இல்லாத அடுப்பைத் தோம்பின் பக்கத்து டி-இணைப்பில் மாட்டுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, தீ ஆள் உயரத்துக்குக் கிளம்பும்.

வால்வைச் சட்டென்று திறப்பது

பல இணைப்புகளில், குழாய் அறுந்தால் கேஸை நெருக்கிவிடும் பாதுகாப்பு உண்டு. தோம்பின் வால்வை வேகமாகத் திறந்தால் குழாய் அறுந்துவிட்டது என்று அது தப்பாக எடுத்துக்கொண்டு கேஸைக் குறைத்துவிடும், தீ சின்னதாகத்தான் வரும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்து மெதுவாகத் திறங்கள். ரெகுலேட்டர்மேல் கை வைக்கும் முன்னால் இதைச் செய்து பாருங்கள், சிலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

பிளேர் இணைப்பில் வெள்ளை டேப்

வேண்டாம். பிளேர் என்பது விரிந்த உலோக வாய் அழுந்திப் பொருந்தும் இணைப்பு. அங்கே கேஸை அடைப்பது அந்த வாய்தான், டேப் சுற்றுகிற மரை அல்ல.

கசிவு பார்க்க லைட்டர்

சவர்க்காரத் தண்ணீர்தான். குமிழி வந்தால் மூடுங்கள்.

மழை வந்ததும் அடுப்பை உள்ளே தூக்கிப்போவது

கேம்ப் அடுப்பு திறந்த வெளிக்கானது. மூடிய டிரெய்லருக்குள் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. மழை வரும் போலிருந்தால் முன்கூட்டியே கூரைத்துணியைக் கட்டி, பக்கங்களைத் திறந்து வைத்துச் சமையுங்கள்.

அடுப்பின் குமிழை மட்டும் மூடிவிட்டுக் கிளம்புவது

முதலில் தோம்பின் வால்வை மூடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து தீ தானாக அணையட்டும். அப்புறம் குமிழை மூடிவிட்டுக் குழாயைக் கழற்றி, வாய்க்கு மூடி போட்டு வையுங்கள். நம் ஊரில் குளவி அந்த ஓட்டையில் மண்கூடு கட்ட ரொம்ப நாள் ஆகாது.