பஸ்ஸில் சீட் கிடைத்ததும் நோட்டை எடுங்கள்

களியக்காவிளையில் பஸ் ஏறி திருவனந்தபுரத்துக்கு நர்சிங் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் குறிப்பு. நானும் அப்படிப் போனவள்தான். வார்டில் சீனியர் நர்ஸ் சேச்சி மலையாளத்தில் கடகடவென்று சொல்கிற வேலைகள், ராத்திரி எழுத வேண்டிய கேர் பிளான், அடுத்த வாரம் அனாட்டமி இன்டர்னல், எல்லாம் தலைக்குள் கிடந்து உருளும், படுத்தாலும் தூக்கம் வராது. எனக்குக் கைகொடுத்தது யூனிஃபார்ம் பாக்கெட்டில் கிடந்த ஒரு குட்டி நோட்டு. திரும்பி வரும்போது அன்று மனசை உறுத்தியதை இரண்டு வரி (ஊசி போடும்போது கை நடுங்கியது, ஒரு அம்மச்சி அழுதது), நாளைக்குச் செய்ய வேண்டியதை மூன்று வரி எழுதுவேன். பாலராமபுரம் வருவதற்குள் முடிந்துவிடும். நோயாளியின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

அப்புறம், கை நடுங்கினால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். மெதுவாக விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் இறங்கும், இதயத்தை நிதானப்படுத்துகிற வேகஸ் நரம்பின் வேலை, பிசியாலஜியில் படித்ததுதானே! இரண்டு வாரமாகியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லையா, சரி, 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.