ஆஃப்-ரோடு டூ-ஸ்ட்ரோக் பைக்குக்கு நம்பர் வாங்குவது எப்படி? முதலில் காகிதம், பிறகுதான் ஹெட்லைட்

மண்பாதைக்கென்றே செய்த டூ-ஸ்ட்ரோக் பைக்கை வாங்கியவர்களுக்குச் சீக்கிரமே ஓர் ஆசை வந்துவிடும். ஓட்டப்போகும் இடம் வரை வண்டியில் ஏற்றிக் கட்டி இழுத்துக்கொண்டு போவானேன், ஒரு நம்பர் பிளேட்டை மாட்டி ஓட்டிக்கொண்டே போய்விடலாமே என்று. ஆசை வந்த அன்று இரவே ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் சேர்ந்த கிட் ஒன்றை ஆர்டர் போட்டுவிடுவோம்.

நானும் அதைத்தான் செய்தேன். கிட் வந்து பிரித்த பிறகுதான் என் பைக்கின் மேக்னட்டில் (இன்ஜின் சுழலும்போது கரன்ட் தரும் பகுதி) லைட்டுக்கான காயிலே கிடையாது என்று தெரிந்தது. அதற்கு ஒரு வழி பண்ணி வயரிங்கை முடித்தேன். அதன் பிறகு காகிதத்தை எடுத்துப் பார்த்தால், இந்த வண்டி போட்டிக்கு மட்டும் என்று போட்டிருந்தது. நான் தலைகீழாகப் போனதை நீங்கள் நேராகப் போக வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

முதல் படி: உங்கள் பைக் எந்த ரகம்?

ஆஃப்-ரோடு டூ-ஸ்ட்ரோக் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று ரகம் உண்டு. முதலாவது மோட்டோகிராஸ். மூடிய பந்தயத் தளத்துக்காகச் செய்தது. லைட், ஸ்டாண்ட், ஸ்பீடோமீட்டர் எதுவும் இருக்காது. கியர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். பதிவு செய்வதில் மிகவும் சிரமம் தரும் ரகம் இதுதான்.

இரண்டாவது எண்டூரோ, அதாவது நீண்ட தூர மண்பாதைப் போட்டிக்கானது. எண்டூரோ போட்டிகளில் ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குப் பொதுச் சாலை வழியாகப் போக வேண்டியிருக்கும். அதனால் கேடிஎம், பீட்டா, ஷெர்கோ போன்ற நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கென்று சாலை அங்கீகாரத்தோடு டூ-ஸ்ட்ரோக் எண்டூரோ பைக்குகளை விற்கின்றன. ஏறக்குறைய அதே பைக் அமெரிக்காவுக்குப் போகும்போது சாலைக்கு ஆகாத வண்டியாக விற்பனைக்கு வரும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, காகிதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

மூன்றாவது, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவாகவே விற்கப்பட்ட பழைய டூ-ஸ்ட்ரோக் டிரெயில் பைக்குகள். இடையில் யாரோ லைட்டையெல்லாம் கழற்றிப்போட்டு ஆஃப்-ரோடாக ஓட்டியிருப்பார்கள். உங்களுடையது இந்த ரகம் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. நீங்கள் எதையும் மாற்றவில்லை, இருந்ததைத் திருப்பி வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: ஸ்டிக்கரையும் சேஸிஸ் எண்ணையும் படியுங்கள்

ஹேண்டில்பாருக்குக் கீழே, ஸ்டீயரிங் தலைக்குழாயில் பாருங்கள். சேஸிஸ் எண்ணைப் பெரும்பாலும் அங்கேதான் கொத்தியிருப்பார்கள். 1981க்குப் பிந்தைய வண்டிகளில் பொதுவாக 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வரவே வராது. ஒன்று, சுழி இவற்றோடு குழம்பும் என்பதால் அவற்றை விலக்கிவைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் காகிதத்தில் ஓ என்று எழுதியிருந்தால் அது எழுத்துப் பிழை. கவுன்ட்டரில் போய் நிற்பதற்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே ஒரு மாசுக்கட்டுப்பாட்டு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். அதில் இருக்கும் வரிதான் உங்கள் தலையெழுத்து. சாலைத் தரத்துக்கு உட்பட்டது என்று இருக்கிறதா, போட்டிக்கு மட்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் சேஸிஸ் எண்ணிலேயே குறிப்பு இருக்கும். கலிபோர்னியாவில் 2021 மாடல் வரையிலான வண்டிகளில் எட்டாவது இடத்தில் 3 அல்லது சி என்று இருந்தால், மாசுத் தரத்துக்கு உட்படாத சிவப்பு ஸ்டிக்கர் வண்டி என்று அர்த்தம்.

டூ-ஸ்ட்ரோக் மேல் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? இந்த இன்ஜினில் புதிய பெட்ரோல் கலவை உள்ளே வருவதும் எரிந்த புகை வெளியே போவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. இரண்டு துவாரமும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருப்பதால், எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு நேராக சைலன்சர் வழியே வெளியேறிவிடும். கூடவே ஆயிலும் எரிகிறது. அமெரிக்காவில் சாலை பைக்குகளுக்கு மாசு விதி 1978 மாடலிலிருந்து வந்தது. அதன் பிறகு அங்கே சாலை டூ-ஸ்ட்ரோக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1980களின் நடுவில் யமஹா ஆர்இசட்350 மாதிரி ஓரிரண்டு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாட்டிக்கொண்டு கடைசியாகத் தாக்குப்பிடித்துப் பார்த்தன.

மூன்றாம் படி: உங்கள் ஊர்ச் சட்டம் எந்த வகை?

நாட்டுக்கு நாடு விதி வேறு என்றாலும் அணுகுமுறை மூன்றுதான். மாடலுக்கு முன்கூட்டியே அங்கீகாரம் கேட்கும் நாடுகள் ஒரு வகை. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் இப்படி. இந்தியாவில் புது வண்டியைப் பதிவு செய்ய, விற்பனைச் சான்றான படிவம் 21உடன், சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் படிவம் 22ம் வேண்டும். ஆஃப்-ரோடுக்கு மட்டும் என்று விற்ற வண்டிக்கு அந்த 22 வராது. ஆயிரம் ஹெட்லைட் மாட்டினாலும் அந்த ஒரு தாளுக்கு ஈடாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவும் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே இங்கே மோட்டோகிராஸ் பைக்கைப் பதிவு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் தரப்போவது வேறு ஏதோ வண்டியின் ஆர்.சி.யாகத்தான் இருக்கும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது வகை, தேவையான உபகரணங்களை மாட்டி ஆய்வுக்குக் கொண்டுவந்தால் வகையை மாற்றித் தரும் இடங்கள். அமெரிக்காவில் அரிசோனா இப்படி. அடுத்த மாநிலமான கலிபோர்னியா முடியாது என்று சொல்லிவிடும். ஒரே நாட்டில், எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

மூன்றாவது வகை, ஒற்றை வண்டியாகவே பரிசோதித்து அங்கீகரிக்கும் முறை. பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கென்றே இப்படி ஒரு சோதனை இருக்கிறது. நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு ஏற்றது.

உங்கள் ஊர் எதில் சேரும் என்பதைப் பதிவு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஆஃப்-ரோடு பைக் பதிவு செய்யலாமா என்று மொட்டையாகக் கேட்டால் முடியாது என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடுவார்கள். சேஸிஸ் எண், ஸ்டிக்கரின் படம், கையிலுள்ள காகிதம் மூன்றையும் காட்டி, இந்த வண்டிக்கு என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. முடியவே முடியாது என்று தெரிந்தால் இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். இதுவரை கைக்காசு எதுவும் போகவில்லை.

நான்காம் படி: காகிதங்கள்

வாங்கிய ரசீது, தயாரிப்பாளரின் தோற்றச் சான்று அல்லது பழைய உரிமையாளர் பெயரிலுள்ள ஆவணம், வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் சுங்க வரி கட்டிய தாள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இழுபறிதான். ஆஃப்-ரோடு பைக்குகள் வெறும் கைமாற்றாகவே பலரிடம் போய்வருவதால், பழைய பைக் வாங்கும்போது திருட்டுப் புகார் ஏதும் இல்லை என்று சரிபார்ப்பது அவசியம். சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். போட்டி பைக்குகளில் இன்ஜினையே மாற்றியிருப்பது சகஜம்.

ஐந்தாம் படி: கரன்ட்

உண்மையான வேலை இங்கேதான். மோட்டோகிராஸ் பைக்கின் மேக்னட், பிளக்குக்குப் பொறி கொடுக்க மட்டுமே செய்யப்பட்டது. லைட்டுக்கு வேண்டுமென்றால் காயிலை மறுபடி சுற்ற வேண்டும், இல்லையேல் லைட்டிங் காயில் உள்ள ஸ்டேட்டரை, அதாவது மேக்னட்டில் காயில்கள் பொருத்திய தட்டை, மாட்ட வேண்டும். எண்டூரோவில் காயில் இருக்கும், ஆனால் எத்தனை வாட் என்று பாருங்கள்.

கணக்கு எளிது. பழைய பல்புகளோடு போனால் ஹெட்லைட் 35 வாட், டெயில் லைட் 5, பிரேக் லைட் 21, ஒரு பக்க இண்டிகேட்டர் இரண்டும் பத்துப் பத்தாக 20. கூட்டினால் 81 வாட். இதில் ஹாரனைச் சேர்க்கவே இல்லை. சின்ன ஸ்டேட்டர் இதைத் தாங்காது. அதனால் எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றுங்கள் என்பது என் கட்சி.

ஆனால் எல்இடிக்குத் தேவை டிசி. பல ஆஃப்-ரோடு பைக்குகளில் லைட் ஏசியில் ஓடும். அதில் எல்இடியைக் கொடுத்தால் மினுக்கும், ஐடிலில் மங்கும். வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் சேர்ந்த யூனிட் ஒன்று, சின்ன பேட்டரி ஒன்று, இரண்டையும் சேர்த்தால் பிரச்சினை தீரும். லைட்டிங் காயிலின் ஒரு முனையைப் பாடியில் எர்த் செய்திருப்பார்கள். முழு அலையையும் டிசியாக்க வேண்டுமென்றால் அந்த முனையை எர்த்திலிருந்து பிரித்துத் தனி வயராக வெளியே எடுக்க வேண்டும். இதைத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். பொறி கொடுக்கும் காயிலில் கை வைத்துவிட்டால் பைக் ஸ்டார்ட்டே ஆகாது.

எல்இடி இண்டிகேட்டருக்குப் பழைய ஃபிளாஷர் ரிலே ஒத்துவராது, படபடவென்று அடித்துக்கொள்ளும். எலக்ட்ரானிக் ரிலே போடுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மினுக்க வேண்டும் என்பதுதான் பரவலான விதி.

பிரேக் லைட் முன் பிரேக், பின் பிரேக் இரண்டிலும் எரிய வேண்டும். பலர் பின்பக்கம் மட்டும் கொடுத்துவிட்டு ஆய்வில் மாட்டிக்கொள்வார்கள். பிரேக் ஹோஸை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் பேஞ்சோ போல்ட்டுக்குப் பதிலாக, பிரஷர் சுவிட்ச் உள்ள போல்ட் ஒன்றைப் போடுவது சுலபமான வழி. நிசின் நிறுவன பிரேக்கில் பெரும்பாலும் மரை 10க்கு 1.25 (விட்டமும் மரை இடைவெளியும், மில்லிமீட்டரில்), பிரெம்போ நிறுவன பிரேக்கில் 10க்கு 1.0. மாற்றி முறுக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் மரை போய்விடும். போட்ட பிறகு பிரேக்கை ஏர் எடுக்க மறக்காதீர்கள்.

ஆறாம் படி: மற்ற உருப்படிகள்

இரண்டு கண்ணாடி, ஹாரன், நம்பர் பிளேட் லைட், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், ஹைபீம் போட்டால் எரியும் நீல விளக்கு, சைடு ஸ்டாண்ட், செயின் கார்டு. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி மட்டும் மடியும் வகையாக வாங்குங்கள், மண்பாதையில் முதல் விழுகையிலேயே உடையாமல் தப்பிக்கும். முன்சக்கரத்தில் காந்தம் வைத்து ஓடும் ஸ்பீடோமீட்டர் என்றால் சக்கரச் சுற்றளவை டயரோடு அளந்து பதியுங்கள். ஐ.நா. விதியைப் பின்பற்றும் நாடுகளில் மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது.

டயரில் கவனம் தேவை. மோட்டோகிராஸ் டயரின் பக்கவாட்டில் நெடுஞ்சாலைக்கு அல்ல என்று எழுதியிருக்கும். ஆய்வாளர் குனிந்தால் முதலில் படிப்பது அதைத்தான். ஐரோப்பிய முறை நாடுகளில் வட்டத்துக்குள் ஈ முத்திரை, அமெரிக்காவில் போக்குவரத்துத் துறையின் டாட் முத்திரை உள்ள டயர் வேண்டும். சர்வதேச எண்டூரோ போட்டி விதிக்கு உட்பட்ட டயர்களில் சாலை முத்திரையும் இருக்கும், பட்டன் (டயரின் புடைப்பு) உயரமும் 13 மில்லிமீட்டருக்குள் இருக்கும். மண்ணிலும் பிடிக்கும், தாளிலும் நிற்கும்.

சைலன்சரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சாலை பைக்குக்கு அதிகபட்சம் 80 டெசிபல் என்பது 1986 முதல் உள்ள அளவு. போட்டிக்கான குட்டை சைலன்சர் அதற்குள் அடங்காது. உள்ளே கிளாஸ் வூல் வைத்த சைலன்சர் என்றால் ஆய்வுக்கு முன் அதைப் புதிதாக மாற்றிவிடுங்கள். ஆயிலில் ஊறிய பழைய வூல் சத்தத்தை உறிஞ்சாது.

ஏழாம் படி: ஆய்வு நாள்

பைக்கைக் கழுவி, சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்து, படிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நம்பர் இல்லாத வண்டி என்பதால் வேறொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். போனதும் இன்ஜினைச் சூடாக்கிவிடுங்கள். குளிர்ந்த டூ-ஸ்ட்ரோக்கை ஆய்வாளர் முன்னால் உதைத்தால் வரும் வெள்ளைப் புகை, நல்ல தொடக்கமல்ல. ஃபியூஸ் இரண்டு, பல்ப், டேப், ஸ்க்ரூடிரைவர் கையில் இருக்கட்டும். இன்ஷூரன்ஸில் வண்டியின் வகை புதிய ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆஃப்-ரோடு என்றே விட்டுவைத்தால் விபத்து நேரத்தில் அந்தத் தாள் கைகொடுக்காது.

எட்டாம் படி: சாலையில் இறங்குவதற்கு முன்

நம்பர் வந்துவிட்டது. ஆனால் பைக்குக்கு அது தெரியாது. 13 பல் முன்ஸ்ப்ராக்கெட், 50 பல் பின்ஸ்ப்ராக்கெட்டோடு சாலையில் போனால் இன்ஜின் கதறும். 14க்கு 48 என்று மாற்றினால் அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று சுமார் 11 சதவீதம் குறையும்.

அதைவிட முக்கியம் ஆயில். பெட்ரோலில் கலந்து ஊற்றும் பைக்குகளில் பிஸ்டனுக்குப் போகும் ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. 40க்கு 1 கலவை என்றால் ஐந்து லிட்டருக்கு 125 மில்லி. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிவிட்டு கியரிலேயே இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிஸ்டன் ஜாம் ஆவது அப்போதுதான். மண்பாதையில் இவ்வளவு நீள இறக்கம் பெரும்பாலும் கிடைக்காது, தார்ச்சாலையில் கிடைக்கும். இறங்கும்போது அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி விடுங்கள்.