தென்காசியைச் சுற்றி ஓடுவதற்குப் பாதை வகுத்துக்கொள்வது எப்படி

சிறு நகரங்களில் ஓட்டப்பயிற்சி செய்பவர்கள் பெரும்பாலும் பள்ளி மைதானத்தையோ புறவழிச்சாலையையோ நாடுகிறார்கள். மைதானம் சலித்துப்போகும், புறவழிச்சாலை ஆளைக் கொல்லும். தென்காசி போன்ற ஊரில் இந்த இரண்டுக்கும் வெளியே வயல்வெளியும் குளத்தங்கரையும் மலையடிவாரமும் நடை தூரத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றை ஓடுபாதையாக ஆக்கிக்கொள்ள, எந்த மாதத்தில் தண்ணீர் எங்கே நிற்கும், காற்று எந்தப் பக்கமிருந்து வீசும், காட்டின் எல்லை எங்கே தொடங்குகிறது என்ற மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கைபேசி வரைபடம் இவற்றில் எதையும் சொல்லாது.

முதலில் நிலத்தின் சாய்வைப் புரிந்துகொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை மேற்கே நிற்க, நிலம் அங்கிருந்து கிழக்கு நோக்கி மெல்லச் சரிகிறது. சிற்றாறும் அந்தத் திசையில்தான் ஓடுகிறது. இந்தச் சாய்வில் தண்ணீரைத் தடுத்து நிறுத்த வேண்டியிருப்பதால் இப்பகுதிக் குளங்களின் கரை பெரும்பாலும் தாழ்வான கிழக்குப் புறத்தில் வளைந்து கிடக்கிறது. ஓடுபவருக்கு இது பெரும் வசதி. அதிகாலையில் கரைமேல் ஏறினால் ஒரு பக்கம் தண்ணீரும் அதற்கப்பால் மலைத்தொடரும் தெரியும், எழுகின்ற சூரியன் நம் முதுகுப்புறமிருந்து மலைமேல் வெளிச்சத்தைப் பாய்ச்சும், கண் கூசாது. மறுபக்கம் குளத்துத் தண்ணீரில் விளையும் நெல்வயல்கள் கீழே விரிந்திருக்கும். இலத்தூர்ப் பக்கத்துப் பெரிய குளம் போன்ற இடங்களில் இந்தக் காட்சிக்காகவே ஓடலாம் என்பேன்.

கரையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருமுறை பகலில் நடந்து பார்ப்பது அவசியம். கரையின் மேற்பரப்பு வண்டி போகும் அளவுக்கு அகலமாக இருக்கிறதா, நடுவில் மடைகள் எங்கெங்கே வருகின்றன, மறுகால் எந்த முனையில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். குளம் பெருகினால் உபரித் தண்ணீர் மறுகால் வழியாகத்தான் அடுத்த குளத்துக்குப் போகும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த இடத்தில் பாதை அறுந்துவிடும். கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று பாசி பிடித்த கல்மேல் கால் வைப்பது வேண்டாம். அங்கேயே திரும்பிவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் களிமண் கரை வழுக்கும், காலணியின் அடியில் அப்பிக்கொண்டு எடையும் கூடும், எனவே இரண்டு நாள் வெயில் பட்ட பிறகு போவது நல்லது. பங்குனி, சித்திரையில் குளம் வற்றிக் கிடக்கும்போது வண்டல் அள்ளும் வண்டிகள் வரக்கூடும். கரையோரச் சீமைக் கருவேல மரங்களின் முள் மெல்லிய அடிப்பாகம் கொண்ட சாலைக் காலணியைச் சுலபமாகத் துளைத்துவிடும், ஆகையால் கரையில் ஓடுவதற்கென்று தடித்த அடிப்பாகம் உள்ள ஒரு சோடியைத் தனியே வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: சில ஊர்களில் விடியற்காலையில் குளத்தங்கரைக்கு ஒதுங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நன்றாக விடிந்த பின் போவது அவர்களுக்கும் மரியாதை, நமக்கும் நிம்மதி.

நேரத்தைப் பொறுத்தவரை, தென்காசியில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 6 மணிக்கும் 6.45 மணிக்கும் இடையில்தான் நிகழ்கிறது. இருட்டில் வயல்வரப்பில் ஓடக் கூடாது. பாம்பு ஒரு காரணம்தான். மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்காகச் சட்டத்துக்குப் புறம்பாக மின்வேலி கட்டுபவர்கள் உண்டு, அந்தக் கம்பி இருட்டில் கண்ணுக்குத் தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். வரப்பும் தோப்பும் ஒருவருடைய உடைமை என்பதையும் மறக்கலாகாது. வண்டிப்பாதையில் ஓடுவதற்கு யாரும் தடை சொல்வதில்லை, ஆனால் நடவு முடிந்த வயலின் வரப்பில் ஓடி அதை உடைப்பவரை எந்த விவசாயியும் வரவேற்க மாட்டார்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக்கு மேற்கேயுள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. ஆய்க்குடி, சுரண்டைப் பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே அதன் பலம் விளங்கும். இந்தப் பருவத்தில் போகும்போது மேற்கு நோக்கியும் திரும்பும்போது கிழக்கு நோக்கியும் ஓடுமாறு பாதையை அமைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு புதிதாக இருக்கும்போது எதிர்க்காற்றையும், களைத்த பிறகு முதுகுக்காற்றையும் வாங்கிக்கொள்வதே முறை. மேற்கே போகப் போக மெல்லிய ஏற்றமும் இருப்பதால் திரும்பும் வழி இரட்டிப்பு எளிதாகிவிடும். எதிர்க்காற்றில் வழக்கமான வேகத்தைப் பிடிக்க முயல்வது வீண் வேலை, கடிகாரத்தைப் பாராமல் மூச்சின் அளவை வைத்து ஓடினால் போதும்.

இதற்கேற்ற வட்டப்பாதை ஒன்று உண்டு. காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தடியில் தொடங்கி, மேலகரம் வழியாகக் குற்றாலம் போய், அங்கிருந்து இலஞ்சிக்கு இறங்கி, தென்காசிக்குத் திரும்பினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆகும். குற்றாலத்தை நெருங்கும்போது சாரல் முகத்தில் விழத் தொடங்கும், மரங்கள் சாலைக்குக் குடை பிடிக்கும், மலையைப் பாதிவரை மேகம் மூடியிருக்கும். இலஞ்சியில் குமாரர் கோயிலைச் சுற்றிய பகுதி வயலும் தோப்புமாகக் குளிர்ந்து கிடக்கும். சாரலில் நனைவதால் தாகம் தெரியாது, ஆனால் வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கும் என்பதால் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கக் கூடாது. ஆனால் சாரல் பருவத்து ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலும் இந்தப் பாதை வாகனங்களால் நிரம்பிவிடும், ஆகையால் அந்நாட்களில் கிழக்கே திரும்புவதே உத்தமம்.

கிழக்கே என்றால் சுந்தரபாண்டியபுரம். சுரண்டைக்குப் போகும் பக்கத்திலுள்ள இந்த ஊரைச் சுற்றி ஆடி மாதத்தில் சூரியகாந்தி வயல்கள் பூத்து நிற்கும். கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் இதைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் வந்து சேரும் முன்பே, காலை ஏழு மணிக்குள், ஊரைச் சுற்றியுள்ள கிளைச்சாலைகளில் ஓடி முடித்துவிடலாம். பூ முகங்கள் கிழக்கு நோக்கியே இருக்கும் என்பதால், நகரத்திலிருந்து கிழக்கே போகும்போது பூக்களின் முதுகையும் திரும்பும்போது முகத்தையும் பார்ப்போம். கோடையில் இந்தப் பக்கத்தில் நிழல் மிகக் குறைவு. பனைமரம் நிழல் தருவதைவிடப் பதநீர் தருவதே அதிகம்.

தவிர்க்க வேண்டிய சாலையையும் சொல்லிவிட வேண்டும். திருமங்கலத்திலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் கேரளத்துக்குக் கனிமம் ஏற்றிச்செல்லும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மலைக்காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே ஓடக் கூடாது. எந்தத் தார்ச்சாலையிலும் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். வளைவுகளில் மட்டும் ஓட்டுநரின் கண்ணுக்குப் படும் பக்கமாக முன்கூட்டியே மாறிக்கொள்ளலாம். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் பக்கம் முகம் திருப்பி, மெதுவாக நடந்து கடக்க வேண்டும். ஓடினால் அது இன்னும் ஊக்கத்துடன் துரத்தும். ஒரே பாதையில் வாரம் இருமுறை போனால் நாய்களும் டீக்கடைக்காரர்களும் நம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள், கடைக்காரர்களின் அறிமுகம் தனியாக ஓடும் பெண்களுக்குக் கூடுதல் துணை. அப்படியிருந்தும் புதிய கரை ஒன்றை முதன்முதலில் பார்க்கப் போகும்போது இரண்டு மூன்று பேராகப் போவதே நல்லது.

இனி காடு. காட்டுக்குள் ஓடும் ஆசை எல்லோருக்கும் வரும், ஆனால் இங்கே அதற்கு வழியில்லை. மலைச்சரிவுகள் காப்புக்காடுகள், அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் இறந்த பிறகு விதிகள் மேலும் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழிப் பதிவுடன் திறந்தது. அங்கும் வழிகாட்டியோடு நடக்கலாமே தவிர, தனியே ஓட முடியாது. எனவே ஓடுபவருக்குரியது காட்டின் விளிம்பு மட்டுமே. அது குறைவான அனுபவம் இல்லை என்பது என் கருத்து, ஏனென்றால் காட்டுக்குள் மரம்தான் தெரியும், விளிம்பில்தான் மலை முழுதாகத் தெரியும்.

விளிம்பிலும் எச்சரிக்கை வேண்டும். மேக்கரை, வடகரைப் பக்கத் தோப்புகளுக்கு யானைகள் வருவதுண்டு. கடையம் பக்கத்து அடிவாரத்தில் கரடி நடமாட்டம் உண்டு. பலாவும் மாவும் பழுக்கும் மாதங்களில் இந்த இடங்களுக்குப் போகுமுன் அங்குள்ள தோட்டக்காரரிடம் இரவில் ஏதாவது இறங்கியதா என்று கேட்பது முதல் முன்னெச்சரிக்கை. புதிய சாணமோ முறிந்த வாழையோ கண்டால் அன்றைக்கு வேறு பாதை. காதில் பாட்டுக் கருவி மாட்டிக்கொண்டு அடிவாரத்தில் ஓடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

அருவிகளையும் ஓடைகளையும் ஒட்டி ஓடும்போது, நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மலையுச்சியில் பெய்யும் மழை சற்று நேரத்தில் கீழே வெள்ளமாக வந்துவிடும். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவர் உயிரிழந்தார். ஓடைத்தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

நீண்ட ஓட்டத்துக்கு வட்டப்பாதையே வேண்டும் என்பதில்லை. காலையில் நகரப் பேருந்தில் செங்கோட்டைக்கோ பண்பொழிக்கோ போய் இறங்கி, அங்கிருந்து நெடுஞ்சாலையைத் தவிர்த்து ஊர்ச்சாலைகள் வழியாகத் தென்காசிக்கு ஓடி வரலாம். பண்பொழியில் திருமலைக் குமாரர் கோயில் படிகளில் ஏறி இறங்கிவிட்டு ஓட்டத்தைத் தொடங்கினால் தொடைக்கு நல்ல பயிற்சி, ஆனால் மெல்ல இறங்க வேண்டும். சில்லறையும், ஒரு சிறு துண்டும், மழை நனைக்காத உறையில் கைபேசியும் இருந்தால் போதும். ஊருக்கு ஊர் டீக்கடையும் இளநீர்க் கடையும் வந்துகொண்டே இருப்பதால் முதுகில் தண்ணீர்ப் பை சுமக்க வேண்டியதில்லை. கால் பிடித்துக்கொண்டால் அடுத்த ஊரின் நிறுத்தத்தில் நின்று மறுபடியும் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம்.