பூப்பாத்தியை எடுத்துவிட்டுப் புல்தரை போடுகிறீர்களா?

காட்பாடியில் எங்கள் வீட்டு முன்னால் ஒரு கல்வாழைப் பாத்தி இருந்தது. குனிந்து களை எடுக்க அம்மாவால் முடியாமல் போனதும், செடிகளை வெட்டி, மண்ணைச் சமப்படுத்தி, கொரியன் புல் பதித்தோம். கொஞ்ச நாளில் புல்லைப் பிளந்துகொண்டு கல்வாழை எட்டிப் பார்த்தது. கூடவே கோரை.

செடியை எடுத்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்டதுதான் நாங்கள் செய்த தவறு. கல்வாழையாவது பரவாயில்லை, தோண்டினால் கைக்குக் கிடைக்கும். கோரைக்கிழங்கு சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டு கிடக்கும். மண்வெட்டியால் கொத்தக் கொத்தச் சங்கிலி அறுந்து, ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும். முக்கால் அடி வரை கிளறிக் கையால்தான் பொறுக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். தப்பியது முளைக்கும், அதையும் கிழங்கோடு எடுங்கள். ஒரு தடவையில் முடியாது.

நம் ஊர் கத்திரி வெயிலும் இதற்கு உதவும். நனைத்த மண்மேல் கண்ணாடி மாதிரியான பாலித்தீன் ஷீட்டை விரித்து, ஓரங்களை மண் போட்டு மூடி, நாலு முதல் ஆறு வாரம் விட்டால் களை விதைகள் பெரும்பாலும் வெந்துவிடும். கோரை மட்டும் இதற்கும் முழுசாக மசியாது.

சமப்படுத்திய கையோடு புல் பதிப்பதும் தவறு. எரு போட்டுக் கொத்திய பாத்தி மண் பொலபொலவென்று இருக்கும். நல்ல மழை பெய்தால் அங்கே மட்டும் உட்கார்ந்து குட்டையாகும். தண்ணீர் விட்டு, மிதித்து, பள்ளம் விழுந்த இடத்தை நிரப்பி, மறுபடி மிதியுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு இருக்கட்டும்.

நிழல் அடர்ந்த மரத்தடியில் புல் சரியாக வராது. எங்கள் மாமரத்தடியில் முயற்சியே செய்யவில்லை. அம்மா அங்கே கனகாம்பரத் தொட்டிகளை வைத்துக்கொண்டார்.

நர்சரியில் பச்சைப் பசேலென்று இருக்கிறதே என்று புல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் உங்கள் போர் தண்ணீரைப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் உப்பாகிக் கெட்டது, 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். தண்ணீர் உப்பென்றால் அருகம்புல் நன்றாகத் தாங்கும். வெயிலையும் மிதியையும்கூடத் தாங்கும். என்னைக் கேட்டால் நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

சித்திரை, வைகாசியில் பதித்தால் ஊற்றுகிற தண்ணீருக்குக் கணக்கே இருக்காது. அந்த மாதங்களை ஷீட் போடவும், ஆனி, ஆடியைக் கோரை பொறுக்கவும் வைத்துக்கொண்டு, ஆவணி மழையில் பதியுங்கள். வேர் பிடித்ததா என்று ஓரத்தை மெல்ல இழுத்துப் பார்த்த பிறகே முதல் வெட்டு. அதிலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். மொட்டையடித்தால் வெயிலில் புல் காய்ந்து, அந்தச் சந்தில் கோரை மறுபடி வரும்.