சிட்னியில் சிலந்தி கடித்தால்: கட்டுப் போடுவதா, ஐஸ் வைப்பதா?

ஊரில் எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் துடைப்பத்தால் ஒரு தட்டு, அத்தோடு கதை முடிந்தது. சிட்னிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இரண்டே இரண்டு சிலந்திகளுக்காக அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒன்று ஃபனல்வெப், மற்றது ரெட்பேக். இரண்டுக்கும் முதலுதவி நேர் எதிரானது. ஒன்றுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும், மற்றதற்குக் கட்டவே கூடாது. பலரும் குழம்புவது இங்கேதான்.

படி 1: கையில் இருக்க வேண்டியவை

10 முதல் 15 செ.மீ. அகலமுள்ள, நன்றாக இழுபடும் எலாஸ்டிக் பேண்டேஜ் மூன்று. பெரியவர் ஒருவரின் காலுக்கு ஒரு சுருள் போதாது. காயத்துக்குச் சுற்றும் மெல்லிய காஸ் துணி இதற்கு உதவாது, அதில் அழுத்தமே நிற்காது. சில பேண்டேஜ்களில் சின்னச் செவ்வகங்கள் அச்சிட்டிருக்கும். இழுக்கும்போது அவை சதுரமானால் இறுக்கம் சரி. புதியவர்களுக்கு அதுவே நல்லது. கூடவே ஒரு பேனா, ஃப்ரீஸரில் ஓர் ஐஸ் பேக். வாங்கி வைத்ததும் வீட்டில் யார் காலிலாவது ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பதற்றத்தில் முதன்முறை கட்டுபவர்கள் பெரும்பாலும் தளர்வாகவே கட்டுவார்கள்.

படி 2: கடித்தது எது?

ஃபனல்வெப் பளபளக்கும் கருப்பு, தடித்த உடல், முன்னே நீண்ட விஷப்பற்கள். சீண்டினால் ஓடாது, முன்கால்களைத் தூக்கி நிற்கும். ஆணின் விஷம்தான் கடுமையானது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை, மழைக்குப் பிந்தைய இரவுகளில், பெண்ணைத் தேடி அலையும்போது வீட்டுக்குள்ளும் வந்துவிடும்.

ரெட்பேக் பெண் பட்டாணி அளவுதான். கருப்பு வயிறு, முதுகில் சிவப்புக் கோடு. தபால்பெட்டி, தோட்டத்து நாற்காலியின் அடிப்பக்கம், குழந்தையின் சைக்கிள், பூந்தொட்டியின் விளிம்பு என்று அசையாமல் கிடக்கும் பொருள்களில் குடியிருக்கும்.

சுவரில் தட்டையாக ஓடும் கையகல ஹன்ட்ஸ்மேன் பார்க்கத்தான் பயங்கரம், உயிருக்கு ஆபத்தில்லை. எதுவென்று தெரியவில்லை, ஆனால் பெரியது, கருப்பு என்றால் ஃபனல்வெப் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேடிப் பிடிக்கப் போய் இன்னொரு கடி வாங்க வேண்டாம். அடையாளம் தெரியாவிட்டாலும் மருத்துவர்கள் அறிகுறிகளைப் பார்த்துச் சிகிச்சை தருவார்கள்.

படி 3: ஃபனல்வெப் என்றால்

கடிபட்டவரை அந்த இடத்திலேயே படுக்க வைத்து அவசர உதவி எண்ணான 000-ஐ அழையுங்கள். ‘ஆம்புலன்ஸ்’ என்று சொல்லிவிட்டு, ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். பேசிக்கொண்டே கட்டலாம்.

மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். உடையைக் கழற்ற வேண்டாம், அந்த அசைவு வேண்டாத வேலை. முதல் பேண்டேஜைக் கடிவாயின் மேல் சுற்றுங்கள். அடுத்ததை விரல்களுக்குச் சற்று மேலே தொடங்கி, கை அல்லது கால் முழுவதும் மேல்நோக்கிச் சுற்றிக்கொண்டு போங்கள். கணுக்கால் சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம் இருக்கட்டும், கட்டுக்குள் விரல் எளிதாக நுழையக் கூடாது. விரல் நுனி நீலமானாலோ மரத்தாலோ சற்றுத் தளர்த்துங்கள். கடிவாய் இருக்கும் இடத்தைக் கட்டின் மேலேயே பேனாவால் குறித்து, நேரத்தையும் எழுதுங்கள். பிறகு ஒரு குச்சியோ சுருட்டிய செய்தித்தாளோ வைத்து அசையாமல் சேர்த்துக் கட்டுங்கள்.

ஏன் இத்தனை? விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியாகத்தான் உடலுக்குள் போகிறது. அதைத் தள்ளும் பம்பு தசையின் அசைவு. அழுத்தமும் அசையாமையும் சேர்ந்தால்தான் வேகம் குறையும். அருமையாகக் கட்டிவிட்டு கார்வரை நடக்கவிட்டால் பாதிப் பயன் போயிற்று. கயிற்றால் இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மருத்துவமனை சேரும்வரை ‘எப்படி இருக்கிறது பார்க்கலாம்’ என்று கட்டை அவிழ்க்கவும் வேண்டாம்.

பெரும்பாலான கடிகளில் கடுமையாக விஷம் ஏறுவதில்லை, ஆனால் யாருக்கு ஏறும் என்று முன்கூட்டித் தெரியாது. வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு, நாக்குத் துடிப்பு, வழியும் எச்சில், கொட்டும் வியர்வை, தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல்: இவை பெரும்பாலும் அரை மணிக்குள் தொடங்கிவிடும், குழந்தைகளுக்கு இன்னும் வேகமாக. மூச்சு நின்றால் நெஞ்சில் 30 அழுத்தம், வாய்வழி 2 மூச்சு என்று சிபிஆர் தொடங்குங்கள். நாயைக் கடித்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று அசட்டையாக இருக்காதீர்கள். இந்த விஷம் மனிதரையும் குரங்கினத்தையும் தாக்கும் அளவுக்கு நாய் பூனைகளைத் தாக்குவதில்லை.

1927 முதல் 1981 வரை பதிவான இறப்புகள் 13. அந்த ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவ ஆய்வாளர் ஸ்ட்ரூவன் சதர்லாந்து குழுவின் விஷமுறிவு மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் ஓர் இறப்பும் இல்லை.

படி 4: ரெட்பேக் என்றால்

கட்டு வேண்டாம். இந்த விஷம் மெதுவாகத்தான் பரவும். இறுக்கினால் வலிதான் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் பேக்கை ஒரு தடவைக்கு 20 நிமிடத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். பாராசிட்டமால் தரலாம். வலி முதலில் சாதாரணமாக இருந்து, ஒரு மணி நேரத்துக்குள் ஏறும். கடித்த இடத்தில் மட்டும் வியர்ப்பது இதற்கே உரிய அடையாளம். வலி தாங்காவிட்டாலோ, குமட்டலோ வயிற்றுவலியோ வந்தாலோ, கடிபட்டது சிறுகுழந்தை என்றாலோ மருத்துவமனைக்குப் போங்கள். சந்தேகம் கேட்க 13 11 26, விஷத் தகவல் மையம், 24 மணி நேரமும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச 131 450.

கடி வாங்காமல் இருக்க

வாசலில் விட்ட செருப்பு, ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். தரையில் கிடந்த துணி, ஈரத் துண்டு இவற்றையும் உதறுங்கள். தோட்ட வேலைக்குக் கையுறை. நீச்சல்குளத்தின் அடியில் அசையாமல் கிடக்கும் ஃபனல்வெப்பைக் கையால் எடுக்காதீர்கள். உடல்மயிரில் காற்றுக் குமிழைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடத் தண்ணீருக்குள் உயிரோடு இருக்கும்.

பெரியவர்கள் துணிந்தால் ஃபனல்வெப்பை வாயகன்ற கண்ணாடிச் சாடியில், நீண்ட குச்சியால் தள்ளிப் பிடிக்கலாம். வழவழப்பான கண்ணாடியில் அதற்கு ஏறத் தெரியாது. மூடியில் சிறு துளைகள், உள்ளே கொஞ்சம் ஈரமண் போதும். சிட்னிக்கு வடக்கே சாமர்ஸ்பியில் உள்ள ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க் இவற்றை வாங்கிக்கொள்ளும். விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை அங்கேதான் சேகரிக்கிறார்கள், அதிலும் ஆண் சிலந்திகளுக்குத்தான் தேவை அதிகம்.