தென்சென்னையின் தேர்தல் வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு பொதுத்தேர்தலின்போதும் தொகுதி அறிமுகக் கட்டுரைகளை எழுதப் புதியவர்கள் வருகிறார்கள். அவர்களுடைய வரைவுகளைப் படித்துத் திருத்தும் பொறுப்பு சில காலமாக என்னிடம் இருக்கிறது. நாங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பு இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுவதைத் தொடர்ந்து பார்த்து வருவதால் இதை எழுதுகிறேன். வேட்பாளர் பெயரில் எழுத்துப் பிழை, வாக்கு எண்ணிக்கையில் இலக்கம் புரளுவது போன்றவை மெய்ப்புத் திருத்துவோர் கண்ணில் பட்டுவிடும் என்பதால், அவற்றைத் தொடவில்லை. சரியான தகவல்களை வைத்துக்கொண்டே தவறான வரலாற்றை எழுதிவிடுவதுதான் என் கவலை. பெருநகரத் தொகுதிக்கே உரிய சிக்கல்கள் பெரும்பாலும் தென்சென்னையில் இருப்பதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

வரலாற்றை 1952-இலிருந்து தொடங்குவது

1952-இல் தென்சென்னை என்றொரு தொகுதி இல்லை. டி.டி.கிருஷ்ணமாச்சாரி அந்தத் தேர்தலில் வென்றது சென்னைத் தொகுதியில். 1957-இல்தான் அவர் தென்சென்னையின் உறுப்பினரானார்.

பெயர் ஒன்றுதான் என்பதால் நிலமும் ஒன்றுதான் என்று நம்புவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. மற்றவற்றை ஓர் அடிக்குறிப்பில் சரிசெய்துவிடலாம். இது நேர்ந்துவிட்டால் கட்டுரையின் முடிவே பிழையாகிவிடும்.

சில தேர்தல்களுக்கு முன்பு நான் பணிபுரிந்த இதழ் ஒன்றில், தென்சென்னையின் வெற்றிப் பட்டியலை 1957 முதல் ஒரே கோடாக வரைந்து ஒரு முழுப்பக்கம் வெளியிட்டார்கள். தி.மு.க.வின் டி.ஆர்.பாலு 1996, 1998, 1999, 2004 என்று தொடர்ந்து நான்கு முறை வென்ற தொகுதியை 2009-இல் அ.தி.மு.க.வின் சி.ராஜேந்திரன் கைப்பற்றினார் என்பதைக் காட்டி, "கோட்டை சரிந்தது" என்று தலைப்பும் கொடுத்திருந்தார்கள். அதில் இருந்த பெயர்களும் ஆண்டுகளும் சரியானவை. ஆனால் 2004-இல் பாலு வென்ற நிலப்பரப்பும் 2009-இல் ராஜேந்திரன் வென்ற நிலப்பரப்பும் வெவ்வேறு என்ற செய்தி அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. அடுத்த இதழின் உள்பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் வந்தது. திருத்தத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அந்தத் தலைப்பை மட்டும் பிறர் தங்கள் கட்டுரைகளில் எடுத்தாண்டுகொண்டே இருக்கிறார்கள். அண்மையில் எனக்கு வந்த ஒரு வரைவிலும் அதே வாக்கியம் ஏறக்குறைய சொல் மாறாமல் இருந்தது.

நடந்தது இதுதான். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வகுத்த தொகுதி மறுவரையறை 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை தென்சென்னைக்குள் இருந்த ஆலந்தூரும் தாம்பரமும் திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதிக்குப் போயின. விருகம்பாக்கம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என்று அதற்கு முன் இல்லாத மூன்று சட்டமன்றத் தொகுதிகள் தென்சென்னைக்குள் வந்தன. மயிலாப்பூர், தியாகராய நகர், சைதாப்பேட்டை ஆகியவை பெயரளவில் தொடர்ந்தாலும், அவற்றின் எல்லைகளும் புதிதாக வரையப்பட்டவையே. அதே மறுவரையறையில் திருப்பெரும்புதூர் தனித்தொகுதி என்ற நிலையிலிருந்து பொதுத்தொகுதியாக மாறியது. பாலு 2009-இல் அங்கே போட்டியிட்டு வென்றார். அதாவது ஆலந்தூர், தாம்பரம் வாக்காளர்கள் அந்தத் தேர்தலிலும் அவருடைய பெயர் இருந்த வாக்குப்பதிவு இயந்திரத்தில்தான் பொத்தானை அழுத்தினார்கள். தென்சென்னையின் புதிய எல்லைக்குள் நின்ற தி.மு.க. வேட்பாளர் ஆர்.எஸ்.பாரதி சுமார் 33,000 வாக்குகளில் தோற்றார். இந்தத் தோல்விக்கு எல்லை மாற்றம் எவ்வளவு காரணம், வாக்காளர் மனமாற்றம் எவ்வளவு காரணம் என்பதை வெறும் வெற்றிப் பட்டியலைப் பார்த்து யாராலும் சொல்லிவிட முடியாது. பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு கோட்டை சரிந்தது என்று எழுதுகிறவர், தான் ஆராயாத ஒன்றை ஆராய்ந்ததாக வாசகரை நம்பவைக்கிறார்.

எல்லை மாறியது 2008-இல் மட்டும் அன்று. சென்னை மாநிலத்துக்கு இருந்த 41 மக்களவை இடங்கள் 1967 தேர்தலில் 39 ஆனபோதும் எல்லைகள் திருத்தி வரையப்பட்டன. 1971 கணக்கெடுப்பை ஒட்டிய மறுவரையறையால் 1977-இல் மத்திய சென்னை உருவாகி, அதுவரை இரண்டாக இருந்த நகரத் தொகுதிகள் மூன்றாயின. ஆகவே 1971-இல் முரசொலி மாறன் வென்ற தென்சென்னையையும் 1977-இல் காங்கிரசின் ஆர்.வெங்கட்ராமன் வென்ற தென்சென்னையையும் ஒப்பிட்டு, தி.மு.க.விடமிருந்து காங்கிரஸ் பறித்தது என்று எழுதுவதிலும் இதே பிழை இருக்கிறது. 1957–62, 1967–71, 1977–2004, 2009-க்குப் பின் என்று நான்கு தென்சென்னைகள் இருப்பதாகக் கொண்டு, வரைபடத்தில் வெற்றிக் கோட்டினை அந்தந்த இடத்தில் துண்டித்துவிடுவதே நேர்மையான முறை. ஒரே காலப்பகுதிக்குள் ஒப்பிடத் தடையில்லை.

துண்டிக்காமல் தொடர்ச்சியைக் காட்டியே ஆக வேண்டும் என்பவர்கள் வாக்குச்சாவடி வரை இறங்கியாக வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் படிவம் 20-இல், ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் வரிசை வரிசையாக இருக்கும். ஆனால் அந்தத் தாளில் இருப்பது வெறும் சாவடி எண். 112 என்று போட்டிருந்தால் அது எந்தத் தெருவின் எந்தப் பள்ளி என்பது அதில் தெரியாது. அதே ஆண்டின் வாக்குச்சாவடிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். அடுத்த தேர்தலில் அதே பள்ளிக்கு வேறு எண் வந்திருக்கும். பிறகு மறுவரையறை ஆணையை எடுத்து, அந்தப் பள்ளி எந்த வார்டில் இருக்கிறது, அந்த வார்டு எந்தச் சட்டமன்றத் தொகுதிக்குள் போனது என்று பார்க்க வேண்டும்.

கவனமாக வேலை செய்பவர்கள்கூட வழுக்கிவிழும் இடம் இங்கேதான் இருக்கிறது. 2008 ஆணையில் சென்னை மாநகராட்சி வார்டு என்று குறிப்பிடப்படுபவை, மாநகராட்சிக்கு 155 வார்டுகள் இருந்த காலத்தைச் சேர்ந்தவை. 2011-இல் சுற்றுப்புற நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் இணைத்து மாநகராட்சியை 426 சதுர கிலோமீட்டராக விரித்தபோது வார்டுகள் 200 ஆயின. எண்களும் அடியோடு மாறின. ஆணையில் உள்ள வார்டு எண்ணை இன்றைய வார்டு வரைபடத்தில் தேடுபவர், மயிலாப்பூரின் வாக்குகளை நகரத்தின் வேறொரு மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். பொறுமையாகச் செய்து முடிக்கப்பட்ட ஓர் அட்டவணை இந்த ஒரே காரணத்தால் முழுவதும் பயனற்றுப்போனதைக் கண்டிருக்கிறேன். அதைத் தயாரித்த இளைஞரின் உழைப்பை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. தொடங்கும்முன் யாராவது ஒருவர் அவரிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

வென்றவரின் கட்சியை மட்டும் பார்த்துக் கணிப்பது

1977, 1980-இல் ஆர்.வெங்கட்ராமன், 1984, 1989-இல் வைஜயந்திமாலா பாலி என்று தென்சென்னையில் காங்கிரஸ் தொடர்ந்து நான்கு முறை வென்றிருக்கிறது. இதை வைத்துத் தென்சென்னையைக் காங்கிரசின் கோட்டை என்று எழுதாத புதியவர் அரிது. அந்த நான்கு வெற்றிகளுக்குப் பின்னால் நின்ற திராவிடக் கட்சியைச் சேர்த்துப் படித்தால் வேறு கதை கிடைக்கும். 1977-இல் அ.தி.மு.க., 1980-இல் தி.மு.க., 1984-இலும் 1989-இலும் மீண்டும் அ.தி.மு.க. என்று காங்கிரசின் துணை மாறிக்கொண்டே இருந்தது. 1991-இல் அதே கூட்டணியில் இந்தத் தொகுதியை அ.தி.மு.க.வே வைத்துக்கொண்டு ஆர்.ஸ்ரீதரனை நிறுத்தி வென்றது.

பாலுவின் நான்கு வெற்றிகளும் இப்படித்தான். 1996, 1998-இல் தமிழ் மாநில காங்கிரசும், 1999-இல் பாரதிய ஜனதாவும், 2004-இல் காங்கிரசும் அவருடைய கூட்டணியில் இருந்தன. 1998-இல் அவரை எதிர்த்து நின்றவர் பாரதிய ஜனதாவின் ஜனா கிருஷ்ணமூர்த்தி. மறு ஆண்டே அந்தக் கட்சியின் ஆதரவு பாலுவுக்குக் கிடைத்தது. கூட்டணியைக் குறிக்கத் தனியாக ஒரு பத்தி இல்லாத வெற்றிப் பட்டியலை நான் வரைவிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

சின்னமும் ஏமாற்றும். வடசென்னையில் 1989-இலும் 1991-இலும் வென்ற தா.பாண்டியன் காங்கிரசின் கை சின்னத்தில் நின்றவர். வாழ்நாள் முழுவதும் பொதுவுடைமை இயக்கத்தைச் சேர்ந்தவர். அதே தொகுதியில் 1957-இல் வென்ற அந்தோணிப் பிள்ளையைப் பட்டியல்கள் சுயேச்சை என்று குறிக்கும். சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர் என்பதைச் சொல்லாவிட்டால், அமைப்பு பலம் இல்லாத தனிமனிதர் ஒருவர் காங்கிரசை வீழ்த்திவிட்டதாக வாசகர் எடுத்துக்கொள்வார்.

இடைத்தேர்தலை விட்டுவிடுவது

1967 பொதுத்தேர்தலில் தென்சென்னையில் வென்றவர் அண்ணா. அந்தத் தேர்தலில் அவர் சட்டமன்றத்துக்குப் போட்டியிடவில்லை. முதலமைச்சர் பொறுப்பை ஏற்றதால் மக்களவை இடத்தைத் துறந்தார். அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்று முதல்முறையாக நாடாளுமன்றத்துக்குள் சென்றார். பல பட்டியல்களில் 1967-க்கு நேராக ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். பொதுத்தேர்தல் முடிவுகளிலிருந்து எடுத்தவர் அண்ணாவையும், மக்களவை உறுப்பினர் குறிப்புகளிலிருந்து எடுத்தவர் மாறனையும் போடுவார்கள். இரண்டையும் ஆண்டுக்கு நேராக எழுதி, ஏன் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

ஒத்த பெயர்கள்

மத்திய சென்னையில் 1980, 1984-இல் வென்ற மருத்துவர் அ.கலாநிதி வேறு; வடசென்னையில் 2019, 2024-இல் வென்ற மருத்துவர் கலாநிதி வீராசாமி வேறு.

ஒரே ஆள், வேறு தொகுதி

நாஞ்சில் கி.மனோகரன் 1962-இல் தென்சென்னை, 1967, 1971-இல் வடசென்னை. மாறன் முதலில் தென்சென்னை, 1996 முதல் மத்திய சென்னை.

சட்டமன்றக் காற்றை மக்களவையில் தேடுவது

1989 ஜனவரியில் சட்டமன்றத் தேர்தலில் வென்று தி.மு.க. ஆட்சியமைத்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அக்கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தென்சென்னையிலும் ஆலடி அருணாவை வைஜயந்திமாலா தோற்கடித்தார். ஜனவரியில் பிளவுபட்டிருந்த அ.தி.மு.க. நவம்பரில் ஒன்றாகிக் காங்கிரசுடன் சேர்ந்திருந்தது என்பதை விட்டுவிட்டு, பத்து மாதத்தில் மக்கள் மனம் மாறிவிட்டது என்று மட்டும் எழுதுவது அரைகுறை விளக்கம்.

வாக்குப்பதிவு நாளன்று வெளியான சதவீதத்தை எடுத்தாளுவது

2024 ஏப்ரல் 19 மாலையில் தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு 72.09 சதவீதம் என்று அறிவித்தார்கள். நள்ளிரவுக்குப் பின் அது 69.46 ஆகக் குறைந்தது. தென்சென்னையில் இறக்கம் இன்னும் பெரிது: மாலையில் 67-ஐத் தாண்டியதாகச் சொல்லப்பட்டது, இறுதியில் 54 சதவீத அளவில் நின்றது. முதல் கணக்கை நம்பியவர்கள் நகர்ப்புற வாக்காளரின் எழுச்சி என்று எழுதினார்கள். இறுதிக் கணக்கின்படி 2019-ஐவிடக் குறைவு. தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை வரும்வரை இந்த எண்ணை வரைவில் வெற்றிடமாகவே விட்டுவைக்கலாம்.

சென்னை மாவட்டத்தையும் சென்னைத் தொகுதிகளையும் ஒன்றாகக் கொள்வது

வட, மத்திய, தென் சென்னைத் தொகுதிகளில் அடங்கும் சட்டமன்றத் தொகுதிகள் 18. தேர்தல் நிர்வாகத்தில் சென்னை மாவட்டக் கணக்கில் வருபவை 16. திருவொற்றியூர் திருவள்ளூர் மாவட்டக் கணக்கிலும், சோழிங்கநல்லூர் செங்கல்பட்டு மாவட்டக் கணக்கிலும் போய்விடுகின்றன. தமிழ்நாட்டிலேயே மிக அதிக வாக்காளர்களைக் கொண்ட சட்டமன்றத் தொகுதிகளில் முன்னிற்பது சோழிங்கநல்லூர். 2021-இல் அங்கே ஆறு இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள், மத்திய சென்னையின் துறைமுகம் தொகுதியில் இரண்டு இலட்சம்கூட இல்லை. அப்படிப்பட்ட ஒன்று மாவட்டக் கணக்கிலிருந்து விடுபட்டிருக்கும்போது, மாவட்டத்தின் வாக்காளர் எண்ணிக்கையையோ வாக்குப்பதிவையோ எடுத்துத் தென்சென்னைக்குப் பொருத்தினால் கணக்கு எங்கும் ஒட்டாது. ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் எண்களையும் தனித்தனியாக எடுத்துத் தாமே கூட்டி, கூட்டுத்தொகையை மக்களவைத் தொகுதிக்கான ஆணையத்தின் எண்ணோடு சரிபார்த்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும்.